எழுநூற்று எண்பது கிராம்

காலை வெயில் சாய்வாக விழும் சைக்கிள் கடையில், தராசுக் கொக்கியில் ஒரு கறுப்பு கார்பன் ஃப்ரேம் தொங்குகிறது. யாரோ ஓட்டிவிட்டு விற்றது. எழுநூற்று எண்பது கிராம் என்று காட்டுகிறது தராசு. மகளுக்குச் சைக்கிள் வாங்க வந்த கிழவர் அதை இறக்கி ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பார்க்கிறார். மூட்டை சுமந்தே தேய்ந்த தோள் அவருடையது. கனம் கூடினால்தான் அந்த வேலையில் கூலி கூடும். "ஏம்ப்பா, கனம் குறையக் குறைய விலை ஏறுமா? யார் காதுல பூ சுத்துற?" என்று கடைக்காரரிடம் எகிறுகிறார். "அப்பா, மானத்தை வாங்காதீங்க," என்று பல்லைக் கடிக்கிறாள் மகள். ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலைப் பந்தயத்தில் அவள் இதில்தான் இறங்கப்போகிறாள். கடைக்காரர் ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போகிறார். டிங், டிங் என்று கணீரென ஒலிக்கிறது. கைப்பிடிக்குக் கீழே வந்ததும் சத்தம் பொத்தென்று அமுங்குகிறது. மறுபடி தட்டுகிறார், மறுபடியும் பொத். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. "உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும்மா. மலை இறக்கத்துல கைப்பிடி கையோட வந்துரும். இதை உனக்கு விக்க மாட்டேன். அதோ அது இருநூறு கிராம் கூட, ஆனா கெட்டி. விலையும் பாதிதான்." கிழவர் மகளின் கழுத்தை, மெல்லிய தோள்களை ஒருமுறை பார்க்கிறார். பிறகு கடைக்காரரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார். "பெரியவரே, கையை விடுங்க. அதையும் தட்டிப் பாக்க வேணாமா?" என்று சிரிக்கிறார் கடைக்காரர். கிழவர் விடுவதாயில்லை.