குழந்தைவேலன் கட்சி

"குழந்தைவேலன் பாடறதெல்லாம் ஒரு பாட்டுங்களா? மூக்கடைச்சவன் முனகற மாதிரி இருக்கு" என்றான் மாப்பிள்ளை திம்மராயன்.

சமையலறைக் கதவோரம் நின்றிருந்த சென்னம்மாளுக்குப் பகீரென்றது. பக்கத்தில் நின்ற மகள் சம்பங்கியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உத்தனப்பள்ளி முழுக்கத் தேடினாலும் அந்தப் பாடகனுக்கு இவளைவிடப் பெரிய பக்தை கிடைக்கமாட்டாள்.

காப்பியைக் கொடுத்து, கும்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் உள்ளே வந்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சம்பங்கியும் அப்படியே செய்தாள். மாப்பிள்ளையின் தாய் நாராயணம்மா, "பேரென்னம்மா?" என்று கேட்டபோது சென்னம்மாள்தான் பதில் சொன்னாள். களி கிண்டத் தெரியுமா, பூக்கட்டத் தெரியுமா என்று கேட்டதற்கும் அவளே முந்திக்கொண்டாள்.

பயம் இருக்காதா பின்னே? சம்பங்கி பேச ஆரம்பித்தால் எதிராளி எழுந்து ஓடும்வரை விடமாட்டாள். முன்பு கெலமங்கலத்திலிருந்து இரண்டு வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் இதே கட்டுப்பாடுதான். அவர்களும் பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று வாயாரச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். என்ன குறை கண்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்தக் கிருஷ்ணகிரி வரனும் தட்டிப்போனால் பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று உறவுக்காரர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வினை, சுவரில் ஒட்டியிருந்த படத்தால் வந்தது. பத்திரிகையிலிருந்து கத்தரித்த குழந்தைவேலன் படம். "இது யாருங்க ஒட்டினது?" என்று திம்மராயன் கேட்க, சென்னம்மாளின் புருஷன் எல்லப்பன் உளறிக் கொட்டிவிட்டார். "நம்ம பாப்பாதானுங்க. டூரிங் கொட்டகையில அவன் பாட்டைப் போட்டுட்டா, அடுப்புல இருக்கறது தீஞ்சாலும் இவளுக்குத் தெரியாது."

திம்மராயன் தன் தாயை ஒருமுறை பார்த்தான். அதற்குப் பிறகுதான் வம்பு தொடங்கியது.

"அம்பதாம் வருஷத்துலேருந்து இந்த அம்பத்தொம்பது வரைக்கும், சினிமாவுல பாட்டுன்னா ரத்னசபாபதி பாட்டுதாங்க. எப்பேர்ப்பட்ட வித்வான். அவரு சுருதிக்குப் பக்கத்துல எவன் வந்தான்?" என்று தொடர்ந்தான் அவன்.

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் எல்லப்பன். வரன் நல்லபடி முடிய வேண்டும் என்றால் யாரை வேண்டுமானாலும் உசத்திப் பேச அவர் தயாராக இருந்தார்.

ஆனால் திம்மராயன் அவரைப் பார்த்துப் பேசவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்தே பேசினான், கொஞ்சம் சத்தமாகவும் பேசினான். "குழந்தைவேலன் மேல் ஸ்தாயிக்குப் போனா ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி கேக்குது. இதைப் போயி படம் வேற ஒட்டி வெக்கறாங்க."

எப்படிப்பட்ட சண்டைக்காரப் பிள்ளை என்று சென்னம்மாள் மனதுக்குள் வைதாள். சம்பங்கியின் மூக்கு விடைத்துவிட்டது. "வேணாண்டி, உன் காலைப் புடிச்சுக்கறேன். ஒரு வார்த்தை பேசிடாதே" என்று அவள் காதில் கெஞ்சினாள்.

"நாலு வருஷம் போனா குழந்தைவேலன்கற பேரே யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்றான் திம்மராயன்.

முழங்கை சென்னம்மாளின் பிடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. அடுத்த நொடி சம்பங்கி கூடத்தின் நடுவில் நின்றாள்.

"அப்பா, அவரைக் கேளுங்க. ரத்னசபாபதி பாட்டை அவரால பாட முடியுமா? அவரு வேணாம், இந்தத் தெருவுல யாராச்சும் பாட முடியுமா? கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுட்டு எழுந்து வரலாம், அவ்வளவுதான். குழந்தைவேலன் பாட்டை நாத்து நடறவங்க பாடறாங்க. ராயக்கோட்டை ரோட்டுல வண்டி ஓட்டறவங்க பாடறாங்க. எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, அவங்க மாவாட்டறப்ப அதைத்தான் பாடறாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி சினிமாப் பாட்டை ஜனங்க கேட்டாங்க, இப்பப் பாடறாங்க. அதை மாத்தினது யாரு?"

அதுவரை அப்பாவைப் பார்த்துப் பேசியவள் நேராக அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க, யாரு?"

திம்மராயன் தலை குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. கோபத்தை அடக்குகிறான் என்று சென்னம்மாளுக்குத் தோன்றியது. எல்லப்பன் கையில் இருந்த காப்பி அவர் வேட்டியில் கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நாராயணம்மா எழுந்தாள். எல்லாம் முடிந்தது என்று சென்னம்மாள் கதவில் சாய்ந்தாள்.

வாசல் பக்கம் போவாள் என்று பார்த்தால், நாராயணம்மா சமையலறைப் பக்கம் வந்தாள். "தாம்பூலத் தட்டு இருக்குதுங்களா? இன்னிக்கே உறுதி பண்ணிக்கலாம்."

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் சென்னம்மாள் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சுக்குங்க அக்கா. புத்தியில்லாமப் பேசிட்டா. இனிமே அவ வாயே தெறக்க மாட்டா, அதுக்கு நான் பொறுப்பு."

நாராயணம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க. பொண்ணு ஊமைன்னு கெலமங்கலத்துல ரெண்டு வீட்டுல சொன்னாங்க, அதான் இவனை விட்டுச் சண்டை இழுக்கச் சொன்னேன்."