பாதி வேகம்

மாமனார் லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை.

"காயவே இல்லையே மாப்ள. அப்புறம் எதுக்கு இப்படித் திக்குது?"

மருமகன் தோளைக் குலுக்கிக்கொண்டான். திரையில் அவனுடைய கார் நின்று நின்று நகர்ந்தது. பின்னால் வந்த கார்களெல்லாம் சாவகாசமாக அதைத் தாண்டிப் போயின. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தான். பந்தயம் முடிந்தது. கடைசி இடம். ஒரு 'ச்சே' கூட அவன் வாயிலிருந்து வரவில்லை.

ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியாதவன் என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்த்தவர் அவர். விளையாட்டுக்கென்றே வரும் இந்தத் தடித்த லேப்டாப்புகளின் சங்கதி அவருக்கு அத்துப்படி. கொஞ்சம் ஓடினால் போதும், தோசைக்கல்லாகக் காயும். சூடு தாங்காமல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் சூட்டை இழுக்க ப்ராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். திறந்து பார்த்தால் தீர்ந்தது. அதற்குக்கூடத் துப்பில்லாத ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

வீட்டு லட்சணம் மட்டும் என்ன வாழ்கிறது?

பட்டப்பகலில் மகள் உள்ளே தூங்குகிறாள். புருஷன் கார் ஓட்டுகிறான். படுக்கையறைக் கதவைச் சாத்திவைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் மேசை முனைக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கிறான். கௌரவமான ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வீட்டில் இருந்தபடியே எதையோ டைப் அடித்துச் சம்பாதிக்கிறானாம். கேட்பவர்களிடம் சொல்லவே நாக்கூசியது.

"நகருங்க. நான் பாக்கறேன்."

அவன் நாற்காலியைவிட்டு எழுந்தான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கே இங்கே தட்டி, வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ப்ராசஸரின் உச்ச வேகம் பாதியில் நின்றிருந்தது. சூட்டால் இல்லை. கையால் குறைத்து வைத்திருக்கிறான். விசிறியையும் அப்படியே அடக்கி வைத்திருக்கிறான்.

பந்தயக் குதிரையை வாங்கிக் காலைக் கட்டிப்போட்டவனை என்னவென்று சொல்வது?

இரண்டையும் முழுசாக ஏற்றினார். விசிறி வீறிட்டுக் கிளம்பியது. அடுத்த பந்தயத்தைத் தொடங்கினார். திரையில் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. இப்போதாவது புரிந்ததா என்பதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார்.

மருமகன் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எல்லாவற்றையும் பழையபடி குறைத்தான்.

"சத்தம் வேண்டாம் மாமா."

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவாவது தெரிந்தால் ஆம்பளை என்று ஒத்துக்கொள்ளலாம்.

"டீ போட்டு எடுத்துட்டு வரேன். நீங்க இங்கேயே இருங்க."

போகிற போக்கில் படுக்கையறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். பெண்டாட்டி எழுந்தால் விளையாட்டு கெட்டுவிடும் என்ற பயம் போல.

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதும் மாமனார் மறுபடியும் வேகத்தை ஏற்றினார். திரும்பி வரும்போது பார்க்கட்டும், மெஷின் என்றால் எப்படி ஓட வேண்டும் என்று.

விசிறி அறையே அதிரும்படி இரைந்தது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. இந்த வயசிலும் கை தடுமாறவில்லை. ஒவ்வொரு காராக விழுங்கிக்கொண்டே போனார். முன்னால் ஒரே ஒரு கார்தான் பாக்கி.

மருமகன் சமையலறையிலிருந்து ஓடிவந்தான். டீத்தூள் ஸ்பூன் கையிலேயே இருந்தது. மாமனாரை ஏறிட்டும் பார்க்காமல் லேப்டாப்பை அறைந்து மூடினான்.

விசிறி இழுத்து இழுத்து அடங்கியது.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் தடதடவென்று மோதுவது கேட்டது. எவ்வளவு நேரமாக மோதிக்கொண்டிருந்ததோ.

மாமனார் அறை வாசலுக்கு வருவதற்குள் அவன் கட்டிலின் மேல் இருந்தான். மகளின் உடம்பு விறைத்து வெட்டிக்கொண்டிருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. அவன் அவளை ஒருக்களித்துத் திருப்பினான். தலைக்கடியில் தன் கையைக் கொடுத்தான். அழுத்திப் பிடிக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயோரம் வழிந்த நுரையைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்தான். அதில் பதற்றம் இல்லை. பழகிய கை.

மாமனார் வாசலிலேயே நின்றார்.

வெட்டல் மெல்ல மெல்ல ஓய்ந்தது. மூச்சு சீரானது. வெகுநேரம் கழித்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தபடியே அவள் பேசினாள். நாக்கு குழறியது.

"அப்பாவுக்குத் தெரியாதில்ல?"

மருமகன் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தான்.

மாமனார் சத்தம் வராமல் ஓர் அடி பின்னால் வைத்துக் கதவுக்கு வெளியே போய் நின்றார்.

"தெரியாது. நீ தூங்கு," என்றான் அவன்.