சத்தம் வைக்காத சோதனை

பஞ்சாலையில் முதன்முறையாகத் தொழிலாளர்களுக்கு உடல்நல முகாம் போட்டிருந்தார்கள். நூற்புப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் செண்பகவல்லி பயந்துகொண்டேதான் வரிசையில் நின்றாள். காது மந்தமென்று தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

சோதிக்க வந்தவன் அவள் காதுகளில் கருவியை மாட்டி, ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கண்ணாடி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். இயந்திரங்களின் இரைச்சல் பட்டென்று அற்றுப்போனது. சிறிது நேரத்தில் அவள் அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். பிறகு விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவன் கதவைத் திறந்தான். "நான் இன்னும் சத்தமே வைக்கலையேக்கா."

"பொய் சொல்லாதீங்க தம்பி. யாரோ மாடிப்படி ஏறுற மாதிரி தொம்மு தொம்முன்னு கேக்குதே!"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அது உங்க நெஞ்சு அடிக்குற சத்தம்க்கா."

"இம்புட்டு சத்தமாவா? இத்தனை வருசமும் அடிச்சுக்கிட்டேவா இருந்துச்சு?"

"பின்ன? பயப்படாதீங்க, காது மந்தம்னா இரைச்சல் தாக்காம காதுல வைக்க அடைப்பான் குடுப்பாங்க, அவ்வளவுதான். வேலையெல்லாம் போகாது. ஆரம்பிக்கலாமா?"

அவன் சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "கொஞ்சம் இருங்க தம்பி" என்று கதவைத் தானே உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பவளைப்போல, தலையைச் சாய்த்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.