நினிவே ராஜாவின் சாம்பல்

"மாப்பிள்ளை, ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"தாடி இருக்கு, குரல் இருக்குன்னு கூப்பிட்டீங்க, வந்தேன். அழணும்னு பேச்சே இல்லையே மச்சான்!"

தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்ச் நாடகத்துக்கு அவர்தான் எல்லாம். 'உங்க ஊர் அழியப் போகுது' என்று பைபிளில் வரும் தீர்க்கதரிசி யோனா வந்து எச்சரித்ததும், நினிவே ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, கோணிச் சாக்கை உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து கதற வேண்டும். ராஜாவாக நடிக்க இருந்தவர் காலை உடைத்துக்கொண்டதால், தங்கை புருஷனான பேக்கரிக்காரரை இழுத்து வந்திருந்தார். அவரோ சாம்பலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. தன் அப்பா பிழைக்க வேண்டும் என்று இரவு பகலாக ஜெபம் பண்ணியும் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து பேக்கரிக்காரருக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 'எனக்கு யாரும் பிரசங்கம் பண்ணக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் ஒத்திகைக்கே வந்தார்.

"அண்ணா, இந்த நாடகத்துலயாவது அவர் மனசு திரும்புமா?" என்று தங்கை கேட்டாள்.

மனசைத் திருப்புவது தையல்காரர் கையில் இல்லை. கண்ணீரை வரவழைக்க மட்டும் வழி இருந்தது.

நாடகத்தன்று சாயங்காலம், மேடைக்குப் பின்னால் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சாம்பல் தட்டில் இரண்டு கரண்டி மிளகுத்தூளைக் கொட்டிக் கலந்தார். சாம்பலோடு சாம்பலாகக் கலந்துவிட்டது. 'ஆண்டவரே, நல்ல காரியத்துக்குத்தானே, கண்டுக்காதீங்க' என்று மேலே பார்த்து ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தார்.

நாடகம் தொடங்கியது. யோனாவாக வந்த தபால்காரர் கையை நீட்டி மிரட்டிவிட்டுப் போனார். ராஜா இறங்கி வந்து சாக்கைப் போட்டுக்கொண்டார். சாம்பலை அள்ளித் தலையிலும் முகத்திலும் பூசிக்கொண்டார்.

"யாருக்குத் தெரியும்? நாம கடவுள்கிட்டத் திரும்பிப் போனா, அவரும் நம்ம பக்கம் திரும்புவாரோ என்னவோ..."

வசனம் அங்கேயே நின்றுவிட்டது. உதடு துடித்தது. தோள்கள் குலுங்கின. "அப்பா... அப்பா..." என்று ராஜா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். அது வசனத்திலேயே இல்லை. கூடத்தில் அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல்காரருக்கு முதலில் பெருமையாக இருந்தது. திரையை இறக்கிய பிறகும் அழுகை நிற்கவில்லை.

'ஐயையோ, ஒரு கரண்டியோட நிறுத்தியிருக்கலாமே!'

தண்ணீர்ச் செம்போடு மேடைக்கு ஓடினார்.

"மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிடுங்க! சீக்கிரம் கண்ணைக் கழுவுங்க. சாம்பல்ல மிளகுத்தூளைக் கலந்தது நான்தான்."

பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். சாம்பல் பூசிய கன்னங்களில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

"தெரியும் மச்சான். நீங்க கலக்கறதை ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"பார்த்துமா அள்ளிப் பூசிக்கிட்டீங்க?"

"அதை எங்க பூசினேன்? யார் என்ன பண்ணாலும் இன்னிக்கு அழக் கூடாதுன்னு வீம்புக்கு, நீங்க அந்தப் பக்கம் போனதும் அதைக் கொட்டிட்டு, என் பேக்கரி அடுப்புச் சாம்பலை அள்ளிட்டு வந்து வச்சேன் மச்சான்!"