இறுகாத உப்பு சோப்பு

தையல்காரர் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அச்சில் இருந்த சோப்பு விரலை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது.

"இதைத் தேய்ச்சுக் குளிக்க முடியாது. கரண்டியால அள்ளித்தான் பூசிக்கணும்," என்றாள் அவர் மனைவி.

அவர் அசடு வழியச் சிரித்தார்.

சோப்பு ஆலையில் கலவைப் பிரிவையே கட்டி மேய்த்தவள் அவள். ஆலையை இழுத்து மூடியதும் கட்டிலே கதி என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மகள் போனில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். ம்ஹூம்.

ஒரு நாள் புருஷன் சோப்பு செய்கிறேன் என்று சமையலறையில் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றப்போவது கதவு வழியே தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும் என்பது ஆலையின் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

அன்று பிடித்தது இந்தக் கூத்து.

முதலில் செய்ததை வெட்ட மறந்து குறட்டை விட்டார். விடிந்து கத்தி வைத்ததும் சோப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. உப்பு சோப்பைச் சூடு ஆறுவதற்குள் வெட்ட வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அடுத்த முறை கல் உப்பைப் பொடிக்காமலே கொட்டினார். குளித்துவிட்டு வந்தவருக்கு உடம்பெல்லாம் கீறல்.

இன்றைக்கு இறுகவே மாட்டேன் என்கிறது.

முடியை அள்ளி முடிந்துகொண்டு அலமாரியைக் குடைந்தவள், பாதி காலியான விளக்கெண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"தேங்காய் எண்ணெய் போட்டாதான் இது கெட்டியாகும். இதைப் போய் இவ்வளவு ஊத்தினா எந்த ஜென்மத்துல இறுகும்? முப்பத்தாறு இடுப்புக்கு முப்பத்திரண்டு தைக்கிற ஆள்தானே நீங்க."

தேங்காய் எண்ணெய் வாங்கிவர அவரைக் கடைக்கு விரட்டினாள். அவர் சட்டையைத் தையல் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்கும் ஒரு பாட்டு.

அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள்.

"நீங்க படுத்தே கிடந்தப்ப, அண்ணன் தையல் கடையிலயே உப்பு சோப்பு பண்ணி எங்களுக்கெல்லாம் குடுத்தாரேக்கா. கல்லு மாதிரி இருந்துச்சு, இப்பதான் தீர்ந்துச்சு. இன்னொண்ணு கிடைக்குமா? இத்தனை வருஷமா நீங்க பேசினதைக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டாராமே."

அடுத்து செய்யும்போது தருகிறேன் என்று மனைவி அவளை அனுப்பிவைத்தாள். உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். துடைத்த பிறகு மறுபடியும் கழுவ வேண்டியிருந்தது.

தையல்காரர் எண்ணெயோடு திரும்பி வந்தார். திட்டு வாங்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்.

அவள் திட்டவில்லை. அவர் முகத்தில் லேசாகக் கலவரம் தட்டியது.

"நீங்களே அளந்து ஊத்துங்க," என்றாள். "என்ன ஆகுதுன்னு அப்புறமா பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு, அவர் எதையாவது மாற்றி ஊற்ற வசதியாக முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.