அக்காவின் ரத்தம்

நாளை லேப் டெக்னீஷியன் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள் நான். இந்த முறையும் போனால் வேலை போய்விடும். அக்காதான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"ரத்தத்தைக் குழாய்ல நிறுத்தி வச்சா சிவப்பணு எங்க போகும்?"

"மெதுவா கீழ இறங்கும்க்கா. தெளிஞ்ச நீர் மேல நிக்கும்."

"இறங்கலன்னா?"

"உறைஞ்சு போயிருக்கும். புதுசா எடுத்துப் பாக்கணும்."

பழகுவதற்காக எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்து ஜன்னலோரம் ஸ்டாண்டில் வைத்திருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். என்னுடையது இறங்கியிருந்தது. அக்காவுடையதில் தெளிந்த நீர் அடியிலும் சிவப்பு மேலேயும் நின்றன. உறையவில்லை. அவள் கையில் மறுபடி எடுத்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அதுவும் மேலேதான் ஏறியது.

"என்னடி முழிக்கிற? புத்தகத்துல இல்லாத கேள்வியா?" என்று சிரித்தாள்.

"பேனா வாங்கிட்டு வந்துடறேன்க்கா."

வாசலில் அவளுடைய செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இரண்டு வருடமாக அவள் தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பு. நிமிர்த்தி வைக்கக் குனிந்தேன். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது.