மூணாவது மோட்டார்

"செத்த மோட்டாரை என் தலையில கட்டிட்டீங்களே, கும்பாரே!"

டெல்ஃபின் போட்ட சத்தத்தில், சுட்ட மீனில் கை வைத்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

டெல்ஃபின் வீட்டு முற்றத்து விருந்துக்குத் தெருவே வந்திருந்த நாள் அது. தூக்கிப் போட்ட மூன்று பிரிண்டர்களின் மோட்டார்களை வாங்கி, உடைந்த அலமாரியின் இழுப்பறைத் தண்டவாளத்தைக் கழற்றி, டெல்ஃபின் தன் கையாலேயே ஒரு சி.என்.சி. மெஷின் செய்திருந்தான். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பலகையை அதுவே வெட்டும். இந்த வருஷம் தெரு பாஸ்கெட்பால் கோப்பைகள் இதில்தான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மெஷினுக்கு மூன்று மோட்டார். ஒன்றுக்கொன்று குழம்பாமலிருக்க அவன் மனைவி கோரா தன் நகப்பாலிஷால் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு என்று வைத்துக் கொடுத்திருந்தாள்.

பொத்தானை அமுக்கினான். பக்கவாட்டில் போனது. முன்னும் பின்னும் போனது. மேலும் கீழும் போகவேண்டிய மூன்றாவது மோட்டார் மட்டும் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் 'ங்ங்ங்' என்று நடுங்கியதே தவிர, சுற்றவில்லை.

"என்னடா டெல்ஃபின், கரோக்கேக்கு சுதி சேக்குதா உன் மெஷினு?"

கூட்டத்தில் ஒருவன் கேட்க, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைச் சுட்டது. மோட்டார்களைக் கொடுத்த குஸ்டிங் பக்கம் திரும்பி அப்படிக் கத்திவிட்டான்.

குஸ்டிங்குக்குச் சந்தையில் பிரிண்டர் ரிப்பேர் கடை. டெல்ஃபின் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மோட்டாரைத் தொட்டார். அதிலிருந்து வந்த நாலு வயரையும் விரலால் தடவிப் பார்த்தார். டெல்ஃபினைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆமா கும்பாரே. என் தப்புதான். கழட்டிக் குடுங்க, வேற கொண்டாறேன்."

அரை மணியில் திரும்பி வந்தார். மோட்டாரைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நாலு வயரில் இரண்டைச் சிவப்பு நூலாலும் இரண்டை வெள்ளை நூலாலும் கட்டியிருந்தார்.

"சிவப்பு ஒரு ஜோடி, வெள்ளை ஒரு ஜோடி. மாத்திடாதீங்க" என்று காதோடு சொன்னார்.

மெஷின் ஓடியது. பலகையிலிருந்து முதல் கோப்பை, பந்தும் கூடையுமாக, உதிர்ந்து விழுந்தது. ஒரே கைதட்டல்.

"பாத்தீங்களா? நாலு பேர் முன்னாடி கேட்டாத்தான் நல்ல சரக்கு வெளிய வருது!" என்றான் டெல்ஃபின்.

எல்லாரும் சிரித்தார்கள். குஸ்டிங்கும் சிரித்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டெல்ஃபின் அத்தோடு விடவில்லை. முடிவெட்டும் கடையில் சொன்னான். ஜீப்னி வண்டிக்கு வரிசையில் நின்று சொன்னான். சொல்லச் சொல்லக் கதைக்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. ஒரு நாள் சந்தைக்கே நடந்து போய்ச் சேர்ந்தது.

"குஸ்டிங் அண்ணே, இந்த பிரிண்டருக்கு உசுரு இருக்கா? இல்ல, அடக்கம் பண்ணணுமா?"

முதலில் கேலியாகத்தான் கேட்டார்கள். அப்புறம் கேட்கவும் ஆள் வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே அவர் கடையைக் காலி செய்துவிட்டு, சாமார் தீவில் இருக்கும் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறப்போவதாகச் செய்தி வந்தது.

கிளம்புகிற அன்று ஞானமகளைப் பார்க்க வந்தார். டெல்ஃபின் பலகை வெட்டிக்கொண்டிருந்தான்.

"வாசல்ல நிக்கிறாருங்க. வந்து ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள் கோரா.

"வேலையா இருக்கேன்னு சொல்லு. மனசு சுத்தமா இருந்தா ஊரை விட்டு ஏன் ஓடணும்?"

அவர் குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார்.

மழை விட்ட மாதம். மரத்தூளைத் துடைக்க டெல்ஃபின் மெஷினைப் பிரித்தான். சூட்டிலும் ஈரத்திலும் மூன்றாவது மோட்டாரின் கறுப்பு டேப் நெகிழ்ந்து, தொட்டதும் உரிந்து கையோடு வந்தது.

அடியில், வரிசையாக, மூன்று சிவப்புப் பொட்டுகள்.

"இது நான் வச்ச பொட்டாச்சே!" கோரா குனிந்து பார்த்தாள். "அப்போ இது அந்தப் பழைய மோட்டாரேதானா? செத்துப் போச்சுன்னீங்க... பின்ன இத்தனை நாள் எப்படி ஓடுச்சு?"

 டெல்ஃபினின் விரல்கள் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தன. 

"மோட்டார் நல்லாத்தான் இருந்திருக்கு. அன்னைக்கு இந்த நாலு வயரையும் குத்துமதிப்பா ஜோடி மாத்திச் சேத்தது நான்தான், கோரா."